சென்னையிலிருந்து லண்டன்: தூரம் ஒன்றுதான், நேரம்தான் வேறு வேறு

போன தை மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மா, விமான டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லண்டனில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறார். முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட்டை மேசையில் விரித்து, விரல் வைத்துக் காட்டினார். போகும்போது சென்னையில் காலை 6 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 11.30-க்கு லண்டனில் இறங்குகிறது. திரும்பும்போது லண்டனில் மதியம் 1 மணிக்குக் கிளம்பி, மறுநாள் விடியற்காலை 4.30-க்குச் சென்னை வருகிறது.

“ஏன் தம்பி, போறதுக்கு அஞ்சரை மணி நேரம், வர்றதுக்குப் பதினஞ்சரை மணி நேரமா? ஒரே வழிதானே? வரும்போது எங்கயாவது சுத்திக்கிட்டு வருமோ?”

அருமையான கேள்வி. அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள்கூட இதை நின்று யோசிப்பதில்லை. இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஒன்று. விமானம் உண்மையில் பறக்கிற நேரம் இன்னொன்று. அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டுகிற நேரம் மூன்றாவது. தூரம் மாறாது. பறக்கிற நேரம் நாளுக்கு நாள் மாறும். கடிகார நேரம் என்பது நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. டிக்கெட்டில் அச்சாகி வருவது இந்த மூன்றாவது மட்டும்தான். அதை வைத்து மற்ற இரண்டையும் ஊகிக்கப் போனால் குழப்பம்தான் வரும்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன்.

நூலும் பூமி உருண்டையும்

முதலில் தூரம். எங்கள் வீட்டில் பையன் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய ஒரு பூமி உருண்டை இருக்கிறது; குறுக்களவு 30 சென்டிமீட்டர். தையல் பெட்டியிலிருந்து கொஞ்சம் நூல் எடுத்து, ஒரு முனையைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். மறுமுனையை லண்டனுக்குக் கொண்டுபோய், நூல் தொய்வில்லாமல் விண்ணென்று நிற்கும்வரை இழுத்தேன். அப்படி நிற்கும் வழிதான் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. நூலை எடுத்து இஞ்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தில் வைத்தால் பத்தொன்பதரைக்குப் பக்கத்தில் வருகிறது.

இனி சின்னக் கணக்குதான். நிஜ பூமியை நிலநடுக்கோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 40,000 கி.மீ. என் உருண்டையின் சுற்றளவு சுமார் 94 செ.மீ. அப்படியானால் உருண்டையில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் ஏறத்தாழ 425 கி.மீ. பத்தொன்பதரையை 425-ஆல் பெருக்கினால் 8,290 வருகிறது. மீனம்பாக்கத்துக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே கணக்குப் போட்டு எடுக்கும் தூரம் சுமார் 8,230 கி.மீ. தையல் நூலை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கத்தில் வந்துவிட முடிகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும் விஷயம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து பாருங்கள்.

இந்த வழிக்குப் ‘பெருவட்ட வழி’ என்று பெயர். உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் வெட்டிய ஓரத்தில் ஒரு வட்டம் வருமல்லவா? உருண்டையின் மேல் போடக்கூடிய வட்டங்களில் அதுதான் மிகப் பெரியது. எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் அவை இரண்டையும் தொட்டுச் செல்லும்படி அப்படி ஒரு வட்டம் போட முடியும். அதன் சிறிய துண்டுதான் நம் நூல் கிடந்த வழி. இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் வரும் தூரம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறது. சென்னை விமான நிலையம் வடக்கே 13 பாகை, கிழக்கே 80 பாகை. ஹீத்ரோ வடக்கே 51.5 பாகை, தீர்க்கரேகையில் ஏறக்குறைய பூஜ்யம். இந்த நான்கு எண்களை வைத்துப் பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே எத்தனை பாகைக் கோணம் என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் கணக்கில் அது 74 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ.க்குச் சற்றே கூடுதல். பெருக்கினால் 8,230 கிடைத்துவிடும்.

ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல. துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. நடுவிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கி.மீ., துருவத்துக்கு 6,357 கி.மீ. சில தளங்கள் இந்த அமுக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், சில விட்டுவிடும். சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்கும், சில ஊரின் மையத்திலிருந்து அளக்கும். இதெல்லாம் சின்ன வேறுபாடு. பெரிய வேறுபாடு வருவது ‘மைல்’ என்ற சொல்லால்தான். சாலை மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் சொல்வது கடல் மைல், அது 1.852 கி.மீ. சென்னை–லண்டன் தூரம் சாலை மைலில் 5,100-க்குச் சற்று மேல், கடல் மைலில் 4,400-க்குச் சற்று மேல். இரண்டும் சரிதான், எந்த மைல் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழி போகும் ஊர்கள்

நூலை உருண்டையில் மறுபடி வைத்து, அது எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று பாருங்கள். சென்னையில் கிளம்பி வடமேற்காக மகாராஷ்டிரத்தையும் குஜராத்தின் கட்ச் பகுதியையும் தாண்டுகிறது. அப்புறம் பாகிஸ்தானின் தென்பகுதி, கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன், போலந்தின் தென் ஓரம், ஜெர்மனி, லண்டன். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வேறு வழி வரும்: மஸ்கட்டை ஒட்டி, பாரசீக வளைகுடா, ஈராக், துருக்கி என்று. அந்த ஸ்கேல் வழி 250 கி.மீ. அதிகம். உருண்டையை உரித்துத் தட்டையாக விரிக்கும்போது வடக்கே இருக்கும் நாடுகள் இழுபட்டு அகலமாகிவிடுகின்றன. அதனால்தான் படத்தில் நேராகத் தெரிவது தரையில் நேராக இருப்பதில்லை. விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வழி வில் மாதிரி வளைந்து தெரிவதும் இதனால்தான்.

இன்னும் தூரமான ஊர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் அறையும். பெங்களூருவும் சான் பிரான்சிஸ்கோவும் ஏறத்தாழ பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. இடையே சுமார் 14,000 கி.மீ. தட்டைப் படத்தைப் பார்த்தால் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போக வேண்டும்போல் இருக்கும். நூல் வைத்துப் பார்த்தால் சீனா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் ஓரத்துக்கே போய் இறங்குகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த முதல் விமானத்தை ஓட்டியவர்கள் முழுக்கப் பெண்கள். கேப்டன் ஸோயா அகர்வால் தலைமை. வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தார்கள்.

சரி, சென்னையிலிருந்து லண்டன் போகிற விமானம் நான் நூல் வைத்த வழியிலேயே போகுமா? போகாது. நூல் உக்ரைன் மேலே போகிறதே, அங்கேதான் சிக்கல். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ரஷ்யாவும் ஐரோப்பிய, பிரிட்டிஷ் விமானங்களுக்கு வான்வெளியை மூடிவிட்டது. அதனால் தெற்கே இறங்கிச் சுற்றித்தான் போகிறார்கள். இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் பின்லாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர், துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தூரம் ஓர் அடிகூட நகரவில்லை. நடுவில் கதவு சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

போர் இல்லாவிட்டாலும் விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. புயல் மேகத்தைச் சுற்றிப் போக வேண்டும். கட்டுப்பாட்டு அறை சொல்லும் தடத்தில் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பொறுத்து ஓடுதளத்தின் எந்த முனையிலிருந்து ஏறுவது என்பது மாறும். லண்டனை நெருங்கினால் ஹீத்ரோவில் இறங்க வரிசை. பாவிங்டன், பிக்கின், லாம்போர்ன், ஆக்கம் என்ற நான்கு இடங்களின் மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்துக் காத்திருக்கும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் 8,230-ஐவிட எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

பறக்கிற நேரம்

இப்போது நேரத்துக்கு வருவோம். இன்றைய பெரிய விமானங்கள் சுமார் 35,000 அடி உயரத்தில், அதாவது தரையிலிருந்து பத்தரை கிலோமீட்டருக்கு மேலே, மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நிஜத்தில் சென்னையிலிருந்து லண்டன் போக ஏறத்தாழ 11 மணி நேரம், வர ஏறத்தாழ 10 மணி நேரம் என்று போடுகிறார்கள். மிச்சம் எங்கே போனது?

ஒரு பகுதி தரையிலேயே போகிறது. டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம், விமானம் வானத்தில் எழும் நேரம் அல்ல. சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, நிலையத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம். அங்கிருந்து ஊர்ந்து ஓடுதளம் போய், முன்னால் நிற்கிற இரண்டு மூன்று விமானங்கள் ஏறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பறப்பது. இறங்கும் நேரமும் அப்படித்தான்; சக்கரம் தரையைத் தொடும் நேரத்தைப் போடாமல், உரிய இடத்தில் போய் நிற்கும் நேரத்தைத்தான் போடுவார்கள். போதாததற்கு, ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கி.மீ. வேகம் கிடையாது. தாமதம் ஆனாலும் சமாளிக்கட்டும் என்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகவே போட்டு வைப்பதும் உண்டு. சில சமயம் “குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிட்டோம்” என்று விமானி அறிவிப்பது இந்த மிச்சத்திலிருந்துதான்.

இன்னொரு பகுதி காற்று. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பீர்கள். பரிசல்காரர் ஒரே பலத்தில் துடுப்புப் போட்டாலும், நீரோட்டத்தோடு போகும்போது கரை விறுவிறுவென்று பின்னால் ஓடும். எதிர்த்து வரும்போது கரை நகரவே மாட்டேன் என்று நிற்கும். பரிசல் தண்ணீருக்குள் நகரும் வேகம் ஒன்றுதான்; தண்ணீரே நகர்வதால் கரைக்கு அது வேறாகத் தெரிகிறது. விமானத்துக்குத் தண்ணீர் என்பது காற்று. 900 கி.மீ. என்பது காற்றுக்குள் அது நகரும் வேகம். காற்று நின்றுகொண்டிருந்தால் தரைக்கும் அதே வேகம்தான். ஆனால் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று நிற்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும், மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் குறுகிய வேகமான காற்றோட்டங்கள் அங்கே இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் சில இடங்களில் 300-ஐயும் தாண்டும்.

லண்டன் போகும் வழியில் விமானம் இந்தக் காற்றைப் பல இடங்களில் எதிர்கொள்ள வேண்டும். வழி முழுக்கச் சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு அதன் வேகம் 840. வானத்தில் மட்டும் 9 மணி 48 நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது அதே 60 பின்னாலிருந்து தள்ளுகிறது, வேகம் 960, 8 மணி 34 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், வெறும் காற்றால்.

இந்தக் காற்றோட்டத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று கருவி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1926-இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். ஆனால் வெளிநாடுகளில் அதை யாரும் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மேல் குண்டு வீசப்போன அமெரிக்காவின் பி-29 விமானங்கள் அந்த உயரத்தில் கடுங்காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு அதன் பலம் புரிந்தது. அந்த மனிதரை நினைத்தால் மனம் கனக்கிறது.

காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லலாம். சியாரா என்ற புயலை ஒட்டி அட்லாண்டிக் மேலே ஜெட் ஸ்ட்ரீம் அசாத்திய வேகத்தில் ஓடியது. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரையிலிருந்து பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் வேகம். அப்படியானால் ஒலியைவிட வேகமாகப் போனதா? இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இதைவிடச் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 12,380 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் பக்கமாக, மேற்கே பறந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வழி 13,900 கி.மீ. அளவில் வரும். 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் கடல் மேலாகப் போக ஆரம்பித்தார்கள். அந்த வழி சுமார் 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகம்! ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள், சராசரியே மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் வரும். தூரம் கூடியும் நேரம் குறைந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பலரும் ஒன்றைக் கேட்பார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே. மேற்கே போகிற விமானத்துக்கு லண்டன் எதிரே ஓடி வர வேண்டாமா, சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. சென்னை இருக்கும் இடத்தில் தரை மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் மேலுள்ள காற்றும், ஓடுதளத்தில் நிற்கும் விமானமும், நாமும் சேர்ந்தே அந்த வேகத்தில் போகிறோம். ஓடுகிற ரயிலுக்குள் நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள். குதித்த இடத்திலேயேதான் விழுவீர்கள். பின்பக்கப் பெட்டி வந்து இடிக்காது. மேலே எழும்பிய விமானமும் அப்படித்தான்.

இடையில் இறங்கி ஏறினால்

நேர் விமானம் இல்லாமல், துபாயில் இறங்கி மாறிப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500 கி.மீ. கூட்டினால் 8,430. நேர் வழியைவிட 200 கி.மீ.தான் கூடுதல், வானத்தில் அது கால் மணி நேரம்கூட இல்லை. இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் வழியில் ஏறக்குறைய நடுவே உட்கார்ந்திருப்பதுதான் துபாய்க்கும் தோஹாவுக்கும் பெரிய பலம். ஆனாலும் பயணம் 14 மணி நேரம் ஆகும், 20 மணி நேரமும் ஆகும். இரண்டு முறை ஏறி இறங்குவதிலும், அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதிலும் போகிற நேரம் அது. வயதானவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். மாறுகிற இடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு மணி நேர இடைவெளி வேகமாக நடப்பவருக்கே நெருக்கடி. எட்டு மணி நேரம் என்றால் முதுகுவலிக்காரருக்குத் தண்டனை. மூன்று மணி நேரம் அளவில் கிடைத்தால் எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடிகாரம்

இப்போது அந்த அம்மாவின் டிக்கெட்டுக்கே வருவோம். அதில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். சென்னை என்றால் இந்திய நேரம், லண்டன் என்றால் லண்டன் நேரம். குளிர்காலத்தில் இந்தியா லண்டனைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை 6 மணிக்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால், நம் கையில் கட்டிய கடிகாரத்தில் மாலை 5 மணி. அதிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் லண்டனில் காலை 11.30. டிக்கெட்டில் இருப்பது அதுதான். திரும்பும்போது, லண்டனில் மதியம் 1 மணி என்றால் நமக்கு மாலை 6.30. பத்து மணி நேரம் கூட்டினால் விடியற்காலை 4.30. அதுவும் சரியாக வந்துவிட்டது.

அதாவது போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரத்தை ஒளித்துவைக்கிறது, வரும்போது அதே ஐந்தரையைத் திருப்பித் தருகிறது. இதிலிருந்து ஓர் எளிய வழி கிடைக்கிறது. நேர வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டிக்கெட்டில் போகும்போது தெரியும் நேரத்தையும் வரும்போது தெரியும் நேரத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்துவிடுங்கள். ஐந்தரையும் பதினைந்தரையும் இருபத்தொன்று, பாதி பத்தரை. ஒரு வழிக்குச் சராசரியாகப் பத்தரை மணி நேரம் என்று தெரிந்துவிட்டது. வித்தியாசம் ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் தானாகவே அடிபட்டுப் போகிறது. போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி நேர் விமானமாக இருந்து, நடுவில் எந்த ஊரும் கடிகாரத்தை மாற்றாமல் இருந்தால் இந்தக் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

கடிகாரத்தை மாற்றுவதா என்று கேட்கலாம். பிரிட்டனில் மாற்றுகிறார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் கோடைக்காலத்தில் லண்டனுக்கும் நமக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தினமும் போனில் பேசுகிறவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள்.

தேதியும் இப்படிக் குழப்பும். நான் முன்பு சொன்ன சான் பிரான்சிஸ்கோ விமானம் ஜனவரி 9-ஆம் தேதி இரவு எட்டரை மணிக்குக் கிளம்பி, பெங்களூருவில் 11-ஆம் தேதி விடியற்காலையில் இறங்கியது. பறந்தது பதினேழு மணி நேரம் அளவுதான். கிளம்பும்போதே இந்தியாவில் 10-ஆம் தேதி காலை 10 மணி ஆகிவிட்டிருந்தது. அழைத்துவர விமான நிலையம் போகிறவர்கள் தேதியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்வது நல்லது. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் குறி போட்டு 1 அல்லது 2 என்று இருந்தால், இறங்குவது அடுத்த நாள் அல்லது அதற்கும் மறுநாள் என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் லண்டன் விமானம் பம்பாயிலிருந்து கிளம்பியது. ‘மலபார் பிரின்சஸ்’ என்று பெயர். கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி ஏறிப் போனது. பம்பாய்க்கும் லண்டனுக்கும் அன்றைக்கும் அதே 7,200 கி.மீ.தான். இன்று அதை எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில், பத்து மணி நேரத்துக்குள்ளோ ஒட்டியோ தாண்டிவிடுகிறோம்.

அந்த அம்மா நூலையும் உருண்டையையும் பார்த்துவிட்டு, காகிதத்தில் இரண்டு கணக்கையும் தானே ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டார். போனவர் ஒரு மாதத்தில் திரும்பவில்லை. பேத்தியை விட்டு வர மனம் வராமல் டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிய அன்று லண்டனிலிருந்து எனக்குப் போன் வந்தது.

“தம்பி, அதே ஒரு மணி பிளைட்டுதான். ஆனா இப்போ மூணரைக்கே சென்னை வந்துடும்னு போட்டிருக்கான். ஒரு மணி நேரம் குறைஞ்சிருக்கே, பிளைட்டு வேகமாப் போகுமோன்னு மாப்பிள்ளை கேக்கறார். அதெல்லாம் இல்ல, நீங்க மார்ச் கடைசியில கடிகாரத்தைத் தள்ளி வெப்பீங்களே, அதுதான்னு சொல்லிட்டேன். சரிதானே?”

“சரிதாம்மா” என்றேன்.